விமானத் தொழிலும் அலுமினியச் சீவலும்

(மும்பை, மாட்டுங்காவில் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் தாராவி உள்ளது. அங்கே பதின்மூன்றாம் காம்பவுண்டு என வழங்கும் பகுதியில் பழைய அலுமினிய டப்பாக்களை உருக்கிக் கட்டிகளாக வார்க்கிறார்கள். விமானத் தொழிலைப் பற்றிப் பேச வந்தவன் காயலான்கடையில் தொடங்குவானேன் என்று நீங்கள் வியக்கலாம். இரண்டிலும் புழங்கும் உலோகம் ஒன்றே.

ஒரு கிலோ அலுமினியத்தை மின்பகுப்பால் எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நம் நாட்டில் அது பெரிதும் நிலக்கரியால் கிடைப்பது. பழைய உலோகத்தை உருக்குவதற்கோ, புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும்.

விமான உறுப்புகள் பலவும் தடித்த தகட்டிலிருந்து கடைந்தெடுக்கப்படுகின்றன. சிலவற்றில் 10 கிலோ உலோகத்தில் 9 கிலோ சீவலாகவே உதிர்கிறது. 1964-இல் மிக் விமானங்களுக்கென நாசிக் அருகே ஓசரில் தொழிற்சாலை அமைந்த மராட்டிய மாநிலத்திற்கு இது அந்நியமான செய்தியன்று.

அந்தச் சீவலை மீண்டும் விமானத்தகடாக்க முடியாதா? முடியும்; ஆனால் கலக்கக் கூடாது. 2024 எனும் கலவையில் சுமார் 4 சதவீதம் செம்பு உண்டு. 7075 எனும் கலவையிலோ 5 முதல் 6 சதவீதம் துத்தநாகம் உண்டு. இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்து ஒன்றாக உருகிவிட்டால், செம்பை எளிதில் பிரிக்க இயலாது. அவ்வுலோகம் தரமிறங்கி வார்ப்புப் பொருள்களுக்குப் போகிறது; விமானத்திற்கு மறுபடியும் புது அலுமினியம் வாங்க வேண்டியதாகிறது. இயந்திரத்திற்கு ஒரு தனித்தொட்டி வைத்தால் தீரும் காரியம் இது! ஆனால், பட்டறையைப் பெருக்குபவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

பிரான்சின் தார்ப் நகரில் 2005 முதல் 2007 வரை ஏர்பஸ் நிறுவனம் பழைய விமானம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தது. எடையில் 85 சதவீதம் வரை மீட்க இயலும் என்று அச்சோதனை காட்டியது. வகை பிரித்த பின்னரே உருக்க வேண்டும் என்பதே அங்கும் பாடம்.

வகை பிரிக்கும் கலையில் தாராவித் தொழிலாளி எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் வண்ணப்பூச்சும் எண்ணெயும் எரியும் புகையை அவர் முகமூடியின்றிச் சுவாசிக்கிறார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வாழும் செம்பூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையின் கணக்கேட்டில் மாசு குறைந்து, அதே மாசு ஒரு குடிசையின் கூரையடியில் சேருமானால் நாம் எதைச் சாதித்தோம்?

ஆகவே, அதிகாரிகளாகப் போகும் உங்களிடம் இரண்டைக் கேட்கிறேன். சீவலை ஏலம் விடும் அறிவிப்பில் கலவை எண்ணைக் குறிப்பிடுங்கள். வாங்குபவரின் உலையில் புகைவடிகட்டி இருக்கிறதா என்று நேரில் சென்று பாருங்கள்.