வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் வேண்டுமா?

அரிசியை நிறுத்து வாங்குகிறோம். பாலை அளந்து வாங்குகிறோம். மின்சாரத்துக்கு மீட்டர் ஓடுவதைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். இவற்றில் ஒன்றும் நமக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. ஆனால், தண்ணீரை அளந்து அதற்கு ஈடாகப் பணம் கொடுப்பது என்றால் மட்டும் நம் மனம் கூசுகிறது. கோடையில் வழிப்போக்கருக்கு நீர்மோர்ப் பந்தல் வைத்த நாடு இது. தாகம் என்று வாசலில் நின்றவரை வெறுங்கையோடு அனுப்பாத நாடு. ஆகையால், “தண்ணீருக்குமா கணக்கு?” என்னும் கேள்வி நம் வாயில் தானாகவே வந்துவிடுகிறது. அக்கேள்வி நல்ல உள்ளத்திலிருந்து பிறப்பதே. ஆயினும், நல்ல உள்ளம் மட்டும் ஒரு குடும்பத்தின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுவதில்லை. ஆகவே, வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நம் திண்டுக்கல்லின் நிலையைக் கருதுவோம். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடரின் கீழ்மலைகள், இடையே வறண்ட சமவெளி. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு ஒன்றும் நம் ஊரைத் தொட்டுச் செல்லவில்லை. குடகனாறு மழைக்காலத்து ஆறு. ஆத்தூரில் உள்ள காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்தும், பேரணையில் வைகையிலிருந்தும், தொலைவில் உள்ள காவிரியிலிருந்தும் வரும் நீரைக் கொண்டே நகரம் தாகம் தீர்த்துக்கொள்கிறது. நிலத்தடி நீரை நம்பலாம் என்றால், அதற்கும் ஊறு நேர்ந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு தமிழ்நாட்டு மண்ணையும் நீரையும் கெடுத்தது பற்றி 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில், வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல்லின் பெயரும் இடம்பெற்றது. நம் ஊர்க் குழாயில் வரும் ஒவ்வொரு குடம் நீரும் நெடும்பயணம் செய்து வருவது என்பதை மறத்தல் ஆகாது.

இவ்வாறு வரும் நீருக்கு நாம் எவ்வாறு பணம் செலுத்துகிறோம்? தமிழ்நாட்டு நகரங்களில் பெரும்பாலும் வீட்டு இணைப்புகளுக்கு ஒரே நிலையான கட்டணந்தான். இம்முறையில் ஒரு நன்மை உண்டு. செலவு இவ்வளவு என்று முன்னதாகவே தெரிந்துவிடும். ஏழைக் குடும்பத்துத் தாய் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பணத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால், இதில் ஓர் அநீதியும் மறைந்து கிடக்கிறது. ஒரு தெருவில் இரு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டில் பதினாயிரம் லிட்டர் கொள்ளும் தரைத்தொட்டி இருக்கிறது. தண்ணீர் திறந்துவிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிடுகிறது. அடுத்த வீட்டில் தொட்டி இல்லை. பத்துக் குடங்களும் இரண்டு அண்டாக்களும் உள்ளன. குடங்கள் நிரம்பியதும் அவ்வீட்டுக்காரி குழாயை மூடியே ஆகவேண்டும். கட்டணமோ இருவருக்கும் ஒன்றே. குழாயில் நேரே மோட்டாரை மாட்டி உறிஞ்சும் வீடும் அத்தெருவில் இருக்குமானால், பத்துக் குடமும் நிரம்புவது ஐயமே. அளக்காத தண்ணீர் எல்லோருக்கும் சமமான தண்ணீர் என்று எண்ணுவது பிழை. அளக்காத இடத்தில் தொட்டி பெரிதாக உள்ளவனே பெரிய பங்கை அடைகிறான்.

இனி, மீட்டர் என்னும் கருவியைப் பார்ப்போம். பித்தளை அல்லது வலிய பிளாஸ்டிக்கால் ஆன சிறு கிண்ணம். அதனுள் ஒரு சக்கரம். ஓடும் நீர் அச்சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரம் சுழலச் சுழல, பற்சக்கரங்கள் வழியாக மேலே எண்கள் நகர்கின்றன. கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்களும் சிவப்பு முட்களும் அதற்குட்பட்ட பகுதியைக் காட்டும். முகப்பின் நடுவில் நட்சத்திரம் போன்ற சிறு சக்கரம் ஒன்று உண்டு. மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அது அசையும். வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னரும் அது சுழன்றால், எங்கோ நீர் கசிகிறது என்பது திண்ணம்.

இக்கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. நம்மைப் போன்ற ஊரார் அதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை நீர் வரும் குழாய், இடையில் உள்ள நாட்களில் வெறுமையாகக் கிடக்கிறது. அதனுள் காற்று நிறைந்துவிடுகிறது. நீர் திறந்துவிடப்பட்டதும் முன்னால் தள்ளப்படுவது அக்காற்றே. அது மீட்டர்ச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டுப் போகும். தண்ணீர் வராமலே எண் ஏறும். மண்ணும் துருவும் உள்ளே புகுந்து சக்கரத்தைத் தடுப்பதும் உண்டு; அப்போது தண்ணீர் வந்தும் எண் ஏறாது. ஆகவே, மீட்டரும் இடைவிடாத நீர் வழங்கலும் ஒன்றாகச் செல்ல வேண்டியவை. கோயம்புத்தூரில் 2018இல் ஒப்பந்தமான 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்திலும், ஒடிசாவின் பூரி நகரில் 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட திட்டத்திலும் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன.

கருவியின் இயல்பு இது. அது ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன நேரும் என்பதை எங்கள் வீட்டைக் கொண்டே விளக்குகிறேன். எங்கள் வீட்டில் மூன்று குடித்தனங்கள். கீழே நானும் என் மனைவியும். பின்கட்டில் பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், தம் மனைவி, இரு பிள்ளைகள், கைக்குழந்தை, படுத்த படுக்கையான தாய் ஆகியோருடன் ஆறு பேராக இருந்தார். மாடியில் அலுவலகம் செல்லும் கணவனும் மனைவியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் நாங்கள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித் தொட்டியை நிரப்ப வேண்டியதாயிற்று. செலவை எவ்வாறு பங்கிடுவது என்னும் கேள்வி எழுந்தது.

“நாங்கள் இருவர், பகல் முழுதும் வீட்டில் இருப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு எதற்குக் கொடுக்க வேண்டும் சார்?” என்று மாடிக்காரர் கேட்டார். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால், வருவாயில் குறைந்த பின்கட்டார் செலவில் பாதிக்கு மேல் ஏற்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு குடித்தனத்துக்கும் செல்லும் குழாயில் ஒரு மீட்டர் வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதைக் கேட்ட பின்கட்டுப் பெண், “ஐயா, அத்தைக்குத் துணி அலசுகிற தண்ணீருக்கும் கணக்கா?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிடுமோ என்று என் மனைவி கவலைப்பட்டாள்.

அன்று ஒரு முடிவு செய்தோம். மீட்டரை வைப்பது, ஆனால் ஒரு மாதம் அதன்படி யாரும் பணம் தருவதில்லை. முதலில் அறிந்துகொள்வது, பிறகு பேசுவது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எப்போதும் நீர் நிறைந்திருப்பதால், காற்றால் எண் ஏறும் தொல்லையும் அங்கு இல்லை.

முப்பது நாள் சென்றது. எங்கள் கணக்கு 7,200 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 120. பின்கட்டு 14,100 லிட்டர், ஆளுக்கு 78. மாடியில் 15,000 லிட்டர், ஆளுக்கு 250! எல்லோருடைய ஐயமும் ஆறு பேர் வாழும் பின்கட்டின் மேல் இருந்தது. ஆனால், தலைக்கு மிகக் குறைவாகச் செலவிட்டவர்கள் அவர்களே. மாடிக்காரர் திகைத்தார். அன்றிரவு அவர் வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தோம். நட்சத்திரச் சக்கரம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டியின் அடைப்பு தேய்ந்து, ஓசையின்றி நீர் வழிந்துகொண்டிருந்தது. புதிய வாஷர் ஒன்று அக்குறையைத் தீர்த்தது. அடுத்த மாதம் மாடியின் கணக்கு 6,900 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு தம்ளர் அளவுகூட இல்லாத கசிவு, மாதத்தில் 8,100 லிட்டரைக் கொண்டுபோயிருக்கிறது. அது 6,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேல்.

பின்னர் பங்கீட்டைப் பேசினோம். கழிவுநீர்க் குழாய்த் திட்டம் இல்லாத நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், அத்திட்டம் உள்ள நகரங்களில் 135 லிட்டர் என்று மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு அளவு வகுத்திருந்தது. அதைத் துணையாகக் கொண்டு, ஆளுக்கு 70 லிட்டர், நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் மேலும் 30 லிட்டர் என்று ஓர் அடிப்படை அளவு வைத்தோம். அந்த அளவுக்கு ஆகும் செலவை மூன்று குடித்தனமும் சமமாக ஏற்பது; அதற்கு மேற்பட்டதை மட்டும் மீட்டர்ப்படி செலுத்துவது. பின்கட்டார் அடிப்படை அளவுக்குள் அடங்கினர். நாங்களும் மாடிக்காரரும் மிகுதிக்குப் பணம் தந்தோம். சமபங்கினால் தமக்குச் சிறிது கூடினாலும், கசிவு நின்றதால் அதைவிட மிகுதியாக மிச்சமாயிற்று என்று மாடிக்காரரும் இசைந்தார். பின்கட்டுக் குடும்பம் வீட்டை விட்டுப் போகவில்லை.

இதனால் நான் கண்ட உண்மை ஒன்று. மீட்டருக்கு எண் தெரியும், ஆள் தெரியாது. எத்தனை பேர் குடித்தார்கள், யார் நோயாளி என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்களே. இவ்வுண்மையை மறந்தால் என்ன நேரும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. ஜோகன்னஸ்பர்க் நகரில், சொவெட்டோவைச் சேர்ந்த ஃபீரி என்னும் பகுதியில், முன்பணம் கட்டினால் மட்டும் நீர் தரும் மீட்டர்களைப் பொருத்தினார்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்தால் குழாய் தானே நின்றுவிடும். ஒரே இணைப்பில் இருபது பேர் வாழ்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர்தான் கிட்டும். மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் நகராட்சியின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டம் அவ்வாறு முடிந்தது. ஆனால் வீட்டுக்கு என்று வகுத்த அளவு, ஆட்கள் மிகுந்த வீட்டை வாட்டும் என்னும் கணக்கு மாறவில்லை.

தில்லியில் 2015இல் வேறொரு வழியைக் கண்டார்கள். இயங்கும் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை என்றார்கள். ஐந்து பேர் ஆளுக்கு 135 லிட்டர் வீதம் செலவிட்டால் முப்பது நாளில் 20,250 லிட்டர் ஆகும். எனவே, சிறு குடும்பத்துக்கு அது போதிய அளவே. மீட்டர் என்றால் ஏழையைப் பிழியும் கருவி என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. இங்கிலாந்திலோ, 2000ஆம் ஆண்டு முதல் வீட்டுக்காரர் விரும்பிக் கேட்டால் செலவின்றி மீட்டர் பொருத்தித் தருகிறார்கள். பிடிக்காவிட்டால் குறித்த காலத்துக்குள் பழைய முறைக்கே திரும்பலாம். வீட்டில் படுக்கை அறைகளைவிட ஆட்கள் குறைவானால் மீட்டர் இலாபம் என்று அங்கே எளிய கணக்கு ஒன்று வழங்குகிறது. நம் வீடுகளில் ஓர் அறையில் நால்வர் உறங்குவதால் அக்கணக்கு நமக்குப் பொருந்தாது. ஆயினும், மனம் மாறிக்கொள்ள இடம் தரும் அம்முறை போற்றத்தக்கது.

ஆகவே, மீட்டர் வைப்பதா என்னும் கேள்வி உங்கள் வீட்டுக்கு வருமானால், வேறு நான்கு கேள்விகளை முதலில் கேளுங்கள். நீர் நாள்தோறும் வருமா, காற்று மட்டும் வருமா? அடிப்படை அளவு வீட்டுக்கா, ஆளுக்கா? நோயும் பிறப்பும் திருமணமும் நேரும் மாதங்களுக்கு என்ன வழி? மீட்டர் பழுதானால் சரிபார்ப்பவர் யார்? இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் மீட்டரை வரவேற்கலாம். கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை கேட்பது குடிமக்களின் கடமை.

அதுவரை வாளாவிருக்க வேண்டியதில்லை. அளந்து பார்க்க விலை உயர்ந்த கருவியும் வேண்டாம். பதினைந்து லிட்டர் குடம் ஒன்றும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். 135 லிட்டர் என்பது ஒன்பது குடம். நம் வீட்டில் ஆளுக்கு எத்தனை குடம் செலவாகிறது என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். கூட்டலும் வகுத்தலும் அவர்களுக்குப் பழகும். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு தம்ளரை வைத்து, அது நிரம்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொடுப்பதில் கணக்குப் பார்க்காத நம் பண்பு அப்படியே இருக்கட்டும். அதை வீணாக்குவதில் மட்டும் கணக்குப் பார்ப்போம்.