ஒரு சாம்பிள் தாமதம்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய கதைகள் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் எனக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் என் தொழிலில் இருந்து ஒரு சமாச்சாரம் சொல்கிறேன். நான் இசைக்கான சாஃப்ட்வேர் எழுதுகிறவன். சிந்தசைசரின் ஓசைக்கு நிறம் கொடுப்பது அதன் ஃபில்டர். அதில் ஒரு வகை, ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர்.

ஆப்-ஆம்ப் வைத்து இதைக் கட்டியவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு இன்டகிரேட்டர், ஒரு சம்மிங் ஆம்ப்ளிஃபையர், சுற்றிலும் ஃபீட்பேக். ஒரே சர்க்யூட்டில் லோ-பாஸ், பேண்ட்-பாஸ், ஹை-பாஸ் மூன்றும் கிடைக்கும். 1967-இல் கெர்வின், ஹியூல்ஸ்மன், நியூகோம் என்ற மூவர் இதை வெளியிட்டார்கள். 1974-இல் வந்த ஓபர்ஹைம் எஸ்.இ.எம். சிந்தசைசரில் இருந்ததும் இந்த இனம்தான்.

இதைக் கம்ப்யூட்டரில் எழுதும் வழிகளில் இரண்டை மட்டும் ஒப்பிடுகிறேன். முதலாவது, ஹால் சேம்பர்லின் 1980-இல் தன் புத்தகத்தில் கொடுத்தது. மூன்றே வரி, பெருக்கல், கூட்டல், கழித்தல் தவிர வேறில்லை. ஆனால் சர்க்யூட்டில் ஃபீட்பேக் உடனுக்குடன் வந்து சேரும். இங்கே ஒரு சாம்பிள் தாமதமாக வரும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் அது சுமார் 23 மைக்ரோ செகண்ட். 'இதெல்லாம் ஒரு தாமதமா சார்?' என்பீர்கள். 200 ஹெர்ட்ஸில் அது இரண்டு டிகிரிகூட இல்லை. 7,000 ஹெர்ட்ஸிலோ 57 டிகிரி!

அதனால் கட்-ஆஃப், சாம்பிள் ரேட்டில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 7,350 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே உஷாராக வேண்டும். ரெசனன்ஸைக் குறைத்தால் பத்திரம் என்று நினைப்போம். இங்கே கதை தலைகீழ். க்யூ மதிப்பை அரைக்கு இறக்கினால், எல்லையும் சுமார் 6,000-க்கு இறங்கிவிடும். அதைத் தாண்டினால் எண்கள் சாம்பிளுக்குச் சாம்பிள் பெருகி, ஸ்பீக்கரில் ஒரே அலறல். கேட்பவர் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால்? காது என்ன ஸ்பேர் பார்ட்டா, மாற்றிக்கொள்ள?

இரண்டாவது வழி டிரபிஸாய்டல் முறை. வாடிம் ஸவாலிஷின் 2012-இலும், ஆண்ட்ரூ சிம்பர் 2013-இலும் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டின் சராசரியை எடுக்கிறோம். புதியது இன்னும் தெரியாதே? சமன்பாட்டை முன்கூட்டியே காகிதத்தில் தீர்த்து வைத்துக்கொள்கிறோம், தாமதம் போய்விடுகிறது. கட்-ஆஃப் மாறும்போதெல்லாம் ஒரு டேன்ஜென்ட், ஒரு வகுத்தல், அதுதான் கூடுதல் செலவு. சாம்பிள் ரேட்டில் பாதி வரை எங்கே வைத்தாலும் கட்டுக்குள் நிற்கும். வேகமாகத் திருகினாலும் தாங்கும். குறையே இல்லையா என்றால், உண்டு. 22,050 ஹெர்ட்ஸை நெருங்க நெருங்க வளைவு நெருக்கப்பட்டு, லோ-பாஸ் அங்கே பூஜ்யமாகிவிடும்.

சின்ன பிராசசர், தாழ்ந்த கட்-ஆஃப் என்றால் சேம்பர்லின் போதும். ஒரு சாம்பிளுக்கு இரண்டு முறை ஓட்டினால் எல்லையும் இரட்டிப்பாகும். மற்ற இடங்களில் என் ஓட்டு இரண்டாவதற்கே.

தம்பிகளே, தங்கைகளே, பிராஜெக்டில் கட்-ஆஃபை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து கிராஃப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் வாசிப்பவர் கை சும்மா இருக்காது, திருகிக்கொண்டே இருக்கும். ஆகவே வொயிட் நாய்ஸ் கொடுத்து, ரெசனன்ஸை ஒருமுறை அடிமட்டத்திலும் ஒருமுறை உச்சத்திலும் வைத்து, கட்-ஆஃபை ஒரே நொடியில் 20-இலிருந்து 20,000 வரை ஓட்டிப் பாருங்கள். முதலில் மீட்டரைப் பாருங்கள். அப்புறம் ஹெட்ஃபோனை மாட்டுங்கள்.