கண் சொல்லும் சாட்சி
(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நமது கூட்டங்களில் கேள்வி கேட்க எழுந்திருக்கும் ஆஸ்திகத் தோழர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள். "நீங்கள் என்ன வாதம் வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்பதே அது. இப்படிச் சொல்லுகிறவரை உடனே பொய்யர் என்று சொல்லிவிடுவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது தப்பு என்று சொல்லவே இன்று இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அவர் கண் அந்த ஒரு பொருளை மட்டும் பார்த்ததா, சற்றுமுன் பார்த்ததையும் சேர்த்துப் பார்த்ததா என்பதே கேள்வி.

1834-ல் இராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்து தேசத்து ஃபாயர்ஸ் நீர்வீழ்ச்சியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார். பாறை மேல்நோக்கி நகர்வதாகத் தெரிந்தது! நமது நாட்டிலானால் அந்தப் பாறைக்கு ஒரு தலபுராணமும் ஓர் உண்டியலும் ஏற்பட்டிருக்கும். அவரோ அதை விஞ்ஞானப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். கீழே விழும் நீரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நின்ற பொருள் எதிர்த்திசையில் போவதாகப் படுகிறது. அவ்வளவுதான் அதிலுள்ள மகிமை.

நிற்க. இது எதிர்ப்பக்கம் தள்ளுகிற சங்கதி. முந்தியதன் பக்கமே இழுக்கிற சங்கதி ஒன்றும் இருக்கிறது. ஃபிஷர், விட்னி என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அதை 2014-ல் வெளியிட்டார்கள். சாய்ந்த வரிகள் கொண்ட ஒரு படத்தை அரை விநாடி காட்டி மறைத்துவிட்டு, அது எவ்வளவு சாய்ந்திருந்தது என்று ஒரு கோலைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். பிறகு சில விநாடி கழித்து வேறொரு சாய்வு. மறுபடியும் அதே கேள்வி. இப்படியே பலமுறை. பார்த்தவர்களோ, முந்திய படம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே இந்தப் படத்தையும் கொஞ்சம் சாய்த்துச் சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வதால் அவர்களுக்குத் தட்சணையும் கிடையாது!

ஏன் இப்படி? உலகத்துப் பொருள்கள் பெரும்பாலும் நொடிக்கு நொடி மாறுவதில்லை. கண்ணிமை மூடித் திறப்பதற்குள் மேசை நாற்காலியாகிவிடுவதில்லை. ஆகவே முந்தியதைக் கொண்டு இப்போதையதை நிரப்பிக்கொள்வது மூளைக்குச் சிக்கனமான வழி. மாறாத இடத்தில் அது உதவி. மாறுகிற இடத்தில் அதுவே மோசம்.

"படித்தவன், பழகினவன் ஏமாறமாட்டான்" என்பீர்கள். 2021-ல் வெளியான ஒரு சோதனையில், எக்ஸ்ரே படம் பார்ப்பதே தொழிலான டாக்டர்களுக்குக் கட்டிபோன்ற நிழல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். அவர்களும் முந்திய நிழலின் வடிவத்தை இந்த நிழலில் கொஞ்சம் கண்டார்கள். முன்னால் வந்த நோயாளியின் நிழல் பின்னால் வந்தவரின் உயிரைப் பாதிக்கக்கூடுமானால் இது விளையாட்டா?

இதில் நமக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. 2017-ல் ஹாலந்து தேசத்து நைமேகன் ஆராய்ச்சிக்காரர்கள், கண் முந்தியதிலிருந்து விலகியே பார்க்கிறது, முந்தியதன் பக்கம் இழுப்பது கண்ணல்ல, தீர்ப்புச் சொல்லும் புத்திதான் என்று காட்டினார்கள். இதை ஒப்பாதவர்களும் உண்டு; வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் இதைப் படித்தபோது நமக்கு நம்முடைய வெட்கக்கேடு ஒன்று ஞாபகத்திற்கு வந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரே வாரத்தில் மூன்று ஊர்களில் மூன்று பித்தலாட்டங்களைப் பிடித்தோம். ஓரிடத்தில் நெய்யென்று கிளிசரினை ஊற்றி ஓமகுண்டம் தானாகப் பற்றிற்று. இன்னோரிடத்தில் கத்தியில் மருந்து தடவி எலுமிச்சம்பழத்தில் 'இரத்தம்'. மூன்றாவது இடத்தில் அலுமினியச் சட்டத்தில் பாதரச உப்பைத் தடவிச் சாமி படத்தில் திருநீறு. நான்காவது ஊரில் வேப்பமரத்தில் பால் வடிகிறதென்றார்கள். போனோம். கிளையிலிருந்து ஊற்றிய தடம் நம் கண்ணுக்குப் 'பளிச்சென்று' தெரிந்தது. மரத்துக்குச் சொந்தக்காரரான பெரியவரை, "யார் ஏறி ஊற்றியது?" என்று நாலுபேர் நடுவில் கேட்டுவிட்டோம். அவர் அழுதார். இரவெல்லாம் இரண்டு தோழர்கள் காவலிருந்தார்கள், ஒருவரும் ஏறவில்லை, விடிந்தும் வடிந்தது. பட்டை வெடித்து மரத்தின் சாறே வழிந்து, புளித்து நுரைத்திருந்தது. ஊர்க்கிழவிகள் வேப்பங்கள் என்று சொல்வது அதைத்தான். அம்மன் பாலுமல்ல, ஆள் ஊற்றிய பாலுமல்ல. மூன்று முறை 'மோசடி' என்று சொன்ன வாய், நான்காம் முறைக்கு வேண்டிய தடத்தையும் தானே உண்டாக்கிக்கொண்டது. பெரியவரிடம் அதே நாலுபேர் நடுவில் மன்னிப்புக் கேட்டோம்.

"பார்த்தீர்களா, உங்கள் பகுத்தறிவின் யோக்கியதை இதுதான், ஆகையால் சாஸ்திரத்தை நம்புங்கள்" என்று ஒரு பண்டிதர் அப்போது சொன்னார். சாஸ்திரம் எழுதினவருக்கு மட்டும் வேறு கண் இருந்ததா என்று கேட்கின்றோம். கண் எவ்வளவு கோணுகிறது என்று கோல் வைத்து அளந்து சொன்னவன் ஆராய்ச்சிக்காரனே தவிர எந்த ரிஷியுமல்ல.

ஆகவே, அடுத்த வாரம் அற்புதம் விசாரிக்கப் போகும் நமது தோழர்கள் மூவரும் ஒன்றாய்ப் போகவேண்டாம். தனித்தனியே, வெவ்வேறு நாளில் போகட்டும். அவர்களில் ஒருவராவது இதற்குமுன் எந்த மோசடியையும் பிடிக்காத புதியவராயிருக்கட்டும். கண்டதை அங்கேயே சீட்டில் எழுதி, மற்றவரிடம் பேசாமல், மூடிய உறையில் காரியதரிசியிடம் கொடுக்கட்டும். மூன்று உறைகளையும் இந்த மேடையிலேயே பிரிப்போம்.