ஊர் சுற்றுவதும் ஒரு பாடம்



"படிக்கத்தானே பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்? பஸ்ஸில் ஏற்றி எங்கோ கூட்டிப் போகிறார்களாமே! இது என்ன படிப்பு?" இப்படிப் பல வீடுகளில் கேட்கிறார்கள். பெண் குழந்தை என்றால் தயக்கம் இன்னும் அதிகம். "நீ போக வேண்டாம், வீட்டில் இரு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெற்றவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். கையால் தொட வேண்டும். அப்போதுதான் அது மனதில் நிற்கும். இதைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு ஒரு தேசியக் கலைத்திட்டம் வந்தது. அந்தக் குழுவின் தலைவர் விஞ்ஞானி யஷ்பால். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடம் சேர வேண்டும் என்று அந்தத் திட்டம் சொன்னது.

அதைப் பின்பற்றி 3, 4, 5-ஆம் வகுப்புகளுக்குச் சூழ்நிலை பாடம் எழுதினார்கள். அதை ஆறு தலைப்புகளாகப் பிரித்தார்கள். குடும்பமும் நண்பர்களும், உணவு, இருப்பிடம், தண்ணீர், பயணம், நாம் செய்யும் பொருள்கள். இவைதான் அந்த ஆறு. எல்லாமே நம் வாழ்க்கையில் உள்ளவை அல்லவா?

தலைநகர் தில்லியை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிறைய உண்டு. அவர்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். தில்லியில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். அடுத்த மார்ச்சில் முடியும். இந்த ஒரு வருடத்தில் ஆறு தலைப்புக்கும் ஆறு இடம் பார்க்கலாம்.

ஏப்ரலில் உணவு. இதற்குப் பள்ளி அருகே உள்ள காய்கறிச் சந்தையே போதும். நடந்தே போகலாம். எது வேர், எது காய், எது இலை என்று குழந்தைகள் பிரித்துப் பார்ப்பார்கள். எடை போடுவதைப் பார்ப்பார்கள். அங்கே கணக்குப் பாடமும் நடந்துவிடும்.

மே, ஜூனில் கோடை விடுமுறை. ஜூலையில் மழை வரும். அப்போது தண்ணீர். கனாட் பிளேஸ் அருகே அக்ரசேன் படிக்கிணறு இருக்கிறது. நூறு படிகளுக்கு மேல் இறங்கிப் போகிறது. மழைக்காலத்தில் நீர் மேலே வரும். கோடையில் கீழே போகும். நீர் எங்கே இருந்தாலும் இறங்கி எடுக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை படிகள். இன்று அதில் முன்போல் நீர் இல்லை. "ஏன் வற்றியது?" என்று ஒரு குழந்தை கேட்டால், அதுதான் அன்றைய பாடம்.

அக்டோபரில் இருப்பிடம். பழைய கோட்டைக்குப் பக்கத்தில் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. 1959-இல் அதைத் திறந்தார்கள். புலி, யானை எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் பாடத்துக்குக் கூண்டைப் பார்க்க வேண்டாம். குளத்து நடுவில் உள்ள மரங்களைப் பார்க்க வேண்டும். மஞ்சள் மூக்கு நாரைகள் அங்கே கூடு கட்டும். அவற்றை யாரும் பிடித்து வந்து விடவில்லை. தாமாகவே ஆண்டுதோறும் வருகின்றன. குஞ்சு பொரித்து வளர்க்கின்றன. பிறகு பறந்துவிடுகின்றன. நம் வேடந்தாங்கல் ஏரிக்கும் இந்த நாரைகள் வரும். சுற்றிலும் நீர், உயரத்தில் கூடு. அதனால் பகை எளிதில் நெருங்காது. பறவையும் இடம் பார்த்துத்தான் வீடு கட்டுகிறது.

நவம்பரில் தில்லிக் காற்றில் புகை அதிகம். வெளியில் அதிக நேரம் நிற்பது குழந்தைகளுக்கு நல்லதல்ல. அந்த மாதத்துக்குக் கட்டிடத்துக்குள் உள்ள இடம் ஏற்றது. ஓவியர் சங்கர் அமைத்த பொம்மைக் காட்சியகம் அப்படிப்பட்டது. 1965 நவம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அவர் நம் திருத்தணியைச் சேர்ந்தவர். பல நாடுகளின் பொம்மைகள் அங்கே இருக்கின்றன. உடை வேறு, தலைப்பாகை வேறு. ஆனால் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் தாய் எந்த நாட்டிலும் தாய்தான். குடும்பமும் நண்பர்களும் என்ற தலைப்புக்கு இது பொருந்தும்.

டிசம்பரில் பயணம். சாணக்கியபுரியில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1977-இல் தொடங்கியது. பழைய நீராவி எஞ்சின்கள் அங்கே நிற்கின்றன. நிலக்கரி எரிந்து தண்ணீர் கொதிக்கும். நீராவி தண்டைத் தள்ளும். தண்டு சக்கரத்தைச் சுழற்றும். நம் வீட்டில் உலைமூடி துள்ளுகிறதே, அதே சக்திதான்! ஒரே தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா ரயிலும் அங்கே உண்டு. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். மறு பக்கச் சக்கரம் சாலையில் ஓடும்.

ஜனவரியில் கடும் குளிர், விடுமுறை. பிப்ரவரியில் கடைசித் தலைப்பு, நாம் செய்யும் பொருள்கள். குதுப் மினார் அருகே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை ஏறக்குறைய 6 டன். வயது சுமார் 1600 ஆண்டு. நம் வீட்டு அரிவாள்மனையை நனைத்து வைத்தால் இரண்டே நாளில் துருப்பிடிக்கும். இந்தத் தூண் இத்தனை மழையிலும் துருவால் அழியவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் என்ற பொருள் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது உள்ளே உள்ள இரும்பைக் காக்கிறது. இதைச் செய்தவர்கள் அந்தக் காலத்துக் கொல்லர்கள். உழைப்பாளியின் அறிவு எவ்வளவு பெரியது என்று குழந்தை அங்கே தெரிந்துகொள்கிறது.

ஆனால் பஸ்ஸில் போய் வந்தால் மட்டும் பாடம் ஆகிவிடாது. போகும் முன் "என்ன பார்க்கப் போகிறோம்?" என்று பேச வேண்டும். அங்கே "ஏன்? எப்படி?" என்று கேட்க வேண்டும். வந்த பிறகு படம் வரைய வேண்டும். இரண்டு வரி எழுத வேண்டும். வீட்டில் அம்மாவும் அப்பாவும் "என்னம்மா பார்த்தாய்?" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இனிப் பயத்தைப் பற்றிப் பேசுவோம். பெற்றவர்களின் பயம் பொய்யல்ல. 1997 நவம்பர் 18 அன்று தில்லி வஜிராபாத் பாலத்தில் இருந்து ஒரு பள்ளி பஸ் யமுனையில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் தில்லிப் பள்ளி பஸ்களுக்குக் கட்டளை இட்டது. பஸ்ஸின் முன்னும் பின்னும் "பள்ளிப் பேருந்து" என்று எழுத வேண்டும். வாடகை பஸ் என்றால் "பள்ளிப் பணியில்" என்று எழுத வேண்டும். பள்ளியின் பெயரும் டெலிபோன் எண்ணும் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் தீ அணைக்கும் கருவியும் வேண்டும். கனரக வண்டி ஓட்டி 5 ஆண்டாவது பழகியவரே ஓட்ட வேண்டும். குழந்தைகளைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும்.

எந்த ஊரானாலும் இவற்றைக் கேளுங்கள். பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் இருந்து சம்மதச் சீட்டு வரும். முன்பு கைநாட்டு வைத்துக் கொடுத்திருப்பீர்கள். இப்போது உங்களுக்கு எழுத்துத் தெரியும். எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எவ்வளவு பணம், உடன் வரும் ஆசிரியர் யார் என்று படியுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். வேறு மொழியில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

அடுத்தது பணம். பணம் இல்லாத பிள்ளை மட்டும் வகுப்பில் தனியே உட்கார்ந்திருக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். செலவில்லாத இடங்களைக் கேளுங்கள். குதுப் மினார், செங்கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் மாமல்லபுரத்திலும் அப்படித்தான்.

உங்கள் ஊரில் குதுப் மினார் இல்லாமல் இருக்கலாம். ஏரி இருக்கிறது. மதகு இருக்கிறது. தபால் நிலையம் இருக்கிறது. கொல்லர் பட்டறையும் தறியும் இருக்கின்றன. தறி நெய்கிற தந்தையே அன்றைக்கு ஆசிரியர். நாற்று நடுகிற தாயே அன்றைக்கு ஆசிரியை. பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்று நீங்களே பள்ளிக்குப் போய்ச் சொல்லலாம்.

மகனை அனுப்புங்கள். மகளையும் அனுப்புங்கள். சீட்டைப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு அனுப்புங்கள்.