ஆதாரமின்றி ஹார்மோன் மாத்திரை வேண்டாம்

 

தைராய்டு நோய் கற்பனையன்று. சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 100க்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவு காணப்பட்டது. அத்தகையோருக்கு மாத்திரை அவசியம்; அதை நிறுத்தும்படி எவர் கூறினாலும் செவிசாய்க்காதீர்கள்.

இன்றைய கவலை வேறு. களைப்பு, உடல் பருமன், முடி உதிர்தல் என்று கூறியவுடனே, இரத்தச் சோதனைக்கும் முன்பாக, “தைராய்டுதான்” என்று தீர்ப்பளிப்போர் பெருகிவிட்டனர். ஃபஜ்ரு முதல் இஷா வரை அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக் களைப்பு வராதா, என்ன?

அமெரிக்காவில் டெனிஸ் வில்சன் என்ற மருத்துவர், சோதனை முடிவு சரியாக இருந்தாலும் உடல் வெப்பம் 98.6 டிகிரிக்குக் குறைந்தால் அது நோயே எனக் கூறி ஹார்மோன் கொடுத்து வந்தார். அவரிடம் மருத்துவம் பார்த்து, அளவுக்கு மீறி ஹார்மோன் உட்கொண்ட பெண்ணொருவர் 1988இல் மாரடைப்பால் இறந்தார். 1992இல் புளோரிடா மாநில மருத்துவ வாரியம் அவருடைய உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. அப்படியொரு நோய்க்கு அறிவியல் ஆதாரமில்லை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கமும் அறிவித்தது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் நஷ்டஈட்டுப் பாடத்தில் இதை விரிவாகக் காணலாம்.

தைராய்டுச் சுரப்பைத் தூண்டுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.எச். ஆகும். சுரப்பு குறைந்தால் இது கூடும். ஆனால் சற்றே கூடியிருந்து டி4 சரியாக இருந்தால், பெரும்பாலும் உடனே மாத்திரை தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் பலருக்குத் தானே சீராகியிருக்கும். முதியோருக்கு இது இயல்பாகவே சற்றுக் கூடும். கர்ப்பிணிகளின் நிலை வேறு. அவர்கள் தாமதிக்கக் கூடாது. இன்னொன்று: முடி வளர உண்ணும் பயோட்டின் மாத்திரை சோதனை முடிவையே பிறழச் செய்துவிடும். இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

தேவையின்றி உண்ணும் ஹார்மோன் நெஞ்சுத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை மெலிவிக்கும். உடல் இளைக்க இதைக் கொடுப்பது பெருந்தவறு. மகளின் நிக்காஹுக்கு முன் அவசரமாக இளைக்க வைக்கத் துடிக்கும் தாய்மார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஐயமிருந்தால் கோரிமேட்டு ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவத் துறை இருக்கிறது.

நோய் உறுதிப்பட்டவர்கள் ரமலானில் மாத்திரையை விட்டுவிட வேண்டாம். சஹருக்கு அரை மணி நேரம் முன்பாகவோ, இஃப்தார் உணவு செரித்தபின் உறங்கும் வேளையிலோ வெறும் வயிற்றில் உட்கொள்ளலாம். எந்த நேரம் ஏற்றது என்பதை நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.