மின்பிறப்பாக்கியும் மாற்றாளியும்

மின்சாரம் நின்றுவிட்டது என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் புதிய செய்தியன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிற்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. நின்றது ஆண்டுக்கணக்காக வரவில்லை. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது மண்ணெண்ணெய் வார்த்துத் திரியிட்டு, அந்த மங்கிய வெளிச்சத்திற் படித்துப் பரீட்சை எழுதியது ஒரு தலைமுறை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த சிறு மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் டீசல் இயந்திரங்களின் துணையோடு பகுதி பகுதியாக ஒளி மீண்டது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மறுபடியும் இணைந்தது.

இணைந்த பின்னரும் தடை நீங்கிவிடவில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடு மின்வெட்டைக் கண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் மின்னிழந்ததாக அறிவிக்கப்பட்டது. பாணந்துறையிற் குரங்கு பாய்ந்தால் பருத்தித்துறையில் மின்விசிறி நிற்கும்! வலையமைப்போடு சேர்ந்து வாழ்வதன் பயனும் அதுவே, விலையும் அதுவே.

ஆதலால் இன்று கடைகளிலும், மருத்துவ நிலையங்களிலும், திருமண மண்டபங்களிலும், வசதியுள்ள வீடுகளிலும் மின்பிறப்பாக்கியைக் காண்கிறோம். ஜெனரேற்றர் என்றே யாவரும் சொல்வர். அதனை வாங்குவோர் எத்தனை கிலோவாற்று, எந்த நாட்டுத் தயாரிப்பு, எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அந்த இயந்திரத்திற்கும் வீட்டு மின்சுற்றுக்கும் இடையில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர் சிலரே. நான் கலைப்பட்டதாரி, மின்னியலை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் எமது பாடசாலைக்கு ஓர் இயந்திரம் பொருத்த நேர்ந்தபோது, பொருத்த வந்தவரிடமும் எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடமும் கேட்ட வினாக்களிலிருந்து பிறந்ததே இப்பேச்சு.

சில இடங்களில் இருமுனையிலும் முட்களுடைய செருகியைப் பூட்டிய ஒரு வயரைக் காணலாம். ஒரு முனையை இயந்திரத்திலும் மறுமுனையைச் சுவரிலுள்ள குதையிலும் செருகிவிட்டால் வீடு முழுவதும் ஒளிரும். செலவு சொற்பம். ஆனால் வீட்டின் பிரதான ஆளியை ஒருவர் மறந்துவிட்டால், அந்த மின்சாரம் மீற்றர் வழியே புறப்பட்டு வீதிக் கம்பியில் ஏறிவிடும். வீதிக்கோடியில் நிற்கும் மின்மாற்றி 11,000 அல்லது 33,000 வோல்ற்றை 400 வோல்ற்றாகக் குறைக்கும் கருவி. அதற்கு வந்த திசை, போகும் திசை என்ற பேதமில்லை. கீழிருந்து 230 வோல்ற்றுச் சென்றால் மேற்பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற்று எழும். அங்கே, மின்சாரம் இல்லையென்று எண்ணிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் ஒரு தொழிலாளி.

‘அயல்வீடுகளின் சுமையைத் தாங்காமற் சிறிய இயந்திரம் உடனே நின்றுவிடும், ஆபத்தில்லை’ என்று சிலர் வாதிப்பர். பெரும்பாலும் அவ்வாறு நிற்பதுண்டு. ஆனால் புயல் நாளிற் பனையோ வேம்போ விழுந்து கம்பி அறுந்து, இரண்டொரு வீடுகள் மாத்திரம் தனியே பிரிந்துவிட்டால், அந்தத் துண்டுக் கம்பியை உயிர்ப்பிக்கச் சிறிய இயந்திரமே போதும். அறுந்த கம்பியைச் சீர்செய்யத் தொழிலாளி வருவதும் அந்த இடத்திற்கே.

இதற்குப் பரிகாரம் மாற்றாளி. கடைக்காரர் சேஞ்ச் ஓவர் சுவிச் என்பார். வீதி மின்சாரம் ஒருபுறம், இயந்திர மின்சாரம் மறுபுறம், வீடு நடுவில். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினும் மற்றப் பக்கம் அறுந்தே தீரும். இரண்டும் ஒருங்கே வீட்டைத் தொட இயலாதபடி அதன் உடலமைப்பே தடுக்கிறது. மனிதனின் ஞாபகத்தை நம்பாதிருப்பதே அதன் சிறப்பு. சாதாரண வீட்டிற்குக் கையால் திருப்பும் மாற்றாளி போதும் என்பது என் கருத்து. பெருமைக்காகத் தானியங்கி வைப்பது வீண் செலவு.

ஆனால் தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டிய குளிர்சாதனப் பெட்டிக்கும், ஒட்சிசன் கருவியால் மூச்சு விடும் நோயாளிக்கும் நள்ளிரவில் ஒருவர் எழுந்து வந்து கைப்பிடி திருப்பும்வரை காத்திருக்க இயலாது. தானியங்கி மாற்றாளி அங்கேதான் வேண்டும். அது வீதி மின்சாரத்தை இடையறாது அளந்துகொண்டிருக்கும். அழுத்தம் உரிய அளவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்தாலோ, மூன்று அவத்தைகளில் ஒன்று இல்லாமற் போனாலோ விழித்துக்கொள்ளும். ஆயினும் கண்சிமிட்டும் நேரத் தளர்ச்சிக்கெல்லாம் எழுந்தோடாமல் ஓரிரு விநாடி பொறுத்திருந்து, பின்னரே இயந்திரத்தைத் தொடக்கும். இயந்திரம் உரிய வேகத்தையும் அழுத்தத்தையும் அடைந்தபின் சுமையை மாற்றும். வீதி மின்சாரம் மீண்டதும் உடனே திரும்பிவிடாது. மீண்டது நிலைக்கிறதா என்று சில நிமிடம் பார்க்கும். திரும்பிய பின்னரும் இயந்திரத்தைச் சுமையின்றிச் சிறிது ஓடவிட்டு, சூடு தணிந்ததும் நிறுத்தும். விற்பவர் ‘பத்தே விநாடியில் வெளிச்சம்’ என்பதை முன்னிறுத்துகிறார். நான் முதலிற் கேட்கச் சொல்வது வேறு: இரு பக்கத் தொடுகைகளும் ஒருங்கே மூடாதபடி மின்முறையால் மாத்திரமன்றிப் பொறிமுறையாலும் பூட்டு உண்டா? நொதுமல் கம்பியும் சேர்ந்து மாறுகிறதா?

எமது மண்ணுக்கென்று சில தொல்லைகள் உண்டு. குடாநாட்டில் எவ்விடமும் கடலுக்கோ ஏரிக்கோ வெகு தூரமன்று. உப்புக்காற்று செப்புத் தொடுகைகளைப் பச்சை பூக்கச் செய்யும். சோளகக் காற்று செம்மண் தூசியைப் பெட்டிக்குள் நிறைக்கும். எறும்பும் பல்லியும் குடிபுகும். பெட்டியின் துவாரங்களை அடைத்து, ஆண்டிற்கொரு முறையேனும், இருபுற மின்சாரத்தையும் துண்டித்த பின்னர், தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு திருகுகளை இறுக்குவித்தல் வேண்டும். தளர்ந்த திருகு சூடேறும்; சூடேறிய இடம் கருகும். புவித்தொடுப்புக் கோலை அறைவதும் இங்கே எளிதன்று. இரண்டடி மண்ணின் கீழே சுண்ணக்கல் எதிர்ப்படும் இடங்கள் பல. கோல் இறங்கவில்லையென்று வெட்டிவிட்டுப் போகும் வேலைக்காரரை நான் கண்டிருக்கிறேன். ஈரம் தங்கும் இடத்தைத் தேடி, தேவையாயின் ஒன்றுக்கு மேற்பட்ட கோல்களை இறக்கி, வரண்ட ஆடி ஆவணியில் தடையை அளந்து பார்க்கவேண்டும். மாரியில் அளந்தால் மண் பொய் சொல்லும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே நிலத்திற் சிந்தியது கிணற்றைச் சேர அதிக காலம் எடாது. சுன்னாகம் மின்நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்புப் பெற்றதை நாம் அறிவோம். ஒரு வீட்டின் இயந்திரம் அவ்வளவு செய்யாது. ஆனால் கழிவெண்ணெயை வேலியடியில் ஊற்றும் வழக்கத்தை விடுதல் வேண்டும். இயந்திரத்தின் கீழ் ஒரு சீமெந்துத் தொட்டி அமைத்தாற் போதும்.

இனிப் பராமரிப்பு. நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் விலையுயர்ந்த தானியங்கி மாற்றாளி இருந்தது. வாரந்தோறும் காவலாளர் இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓட்டி, ‘ஓடியது’ என்று குறித்துவைத்தார். மெய்யான மின்தடை வந்த நாளில் இயந்திரம் தொடங்கிற்று, மாற்றாளி அசையவில்லை. இரண்டு ஆண்டுகளாக அதனை ஒருவரும் அசைத்துப் பார்த்ததில்லை! சோதனை என்பது பிரதான ஆளியைத் தாழ்த்தி, மெய்யான மின்தடையைப் போல நடத்துவதாகும். மாதம் ஒருமுறை, முப்பது நிமிடம், இயந்திரத்தின் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு சுமையாவது ஏற்றி ஓட்டுதல் நலம். சுமையின்றி ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து வலிமை கெடும். தொடங்க மறுக்கும் இயந்திரத்திற் பெரும்பாலும் குற்றவாளி மின்கலமே. அதற்கு மின்னூட்டும் சிறு கருவி வேலை செய்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

கூரையிற் சூரியத் தகடு பொருத்தியிருப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வலையமைப்போடு இணைந்த சூரிய மின்கருவி, வீதி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்துத் தொழிலாளியைக் காப்பதற்கே அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆனால் மின்பிறப்பாக்கி ஓடத் தொடங்கியதும், அதனை வீதி மின்சாரமென்று மயங்கி அக்கருவி மீண்டும் எழக்கூடும். மிஞ்சிய சூரிய மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து இயந்திரத்தைப் பழுதாக்கும். ஆதலால் சூரிய மின்கருவி மாற்றாளியின் எந்தப் பக்கத்தில் இணைந்திருக்கிறது என்பதைப் பொருத்துமுன்னரே கேட்டறிக.

எல்லாம் முடிந்தபின் அப்பகுதி மின்சார அலுவலகத்திற்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். மீற்றரின் அருகே ‘இங்கு மின்பிறப்பாக்கி உண்டு’ என்று ஒரு சிறு பலகையும் தொங்கவிடுங்கள். அதனைச் சிங்களத்திலும் எழுதுவது நன்று. பெரும் புயலின் பின் கம்பி கட்ட வருவோர் வேறு மாகாணங்களிலிருந்தும் வரக்கூடும்.