உளப்புண்ணும் இணையவழி ஆலோசனையும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

கல்வி, தொழில், மணவினை ஆகியவற்றைக் குறித்து இம்மேடையில் அறிஞர் பலர் பேசினர். யான் நம் இல்லங்களில் மறைத்து வைக்கப்பெறும் ஒரு நோயைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். அது உளத்திற்பட்ட புண்ணும், அதன் வழித்தோன்றும் தீராத அச்சமும் ஆகும்.

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் அச்சம் என்பது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்றார். அஞ்சத் தக்கதனை அஞ்சுதல் உயிர்க்கு இயல்பே. ஆனால் விலங்கு அகன்ற பின்னர் அச்சமும் அகலுதல் வேண்டும். அகலாது நின்று வருத்துமாயின் அது நோயாம். விபத்து, வெள்ளம், வன்கொடுமை முதலியவற்றிற் சிக்கிய சிலர்க்கு அந்நிகழ்ச்சி கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றும். அவர் அவ்விடத்தையும் அப்பேச்சையும் விலக்குவர், சிற்றொலிக்கும் திடுக்கிடுவர், துயில் இழப்பர், தம்மையே வெறுப்பர். ஒரு திங்களுக்கு மேலும் இக்குறிகள் நீடிப்பின் மருத்துவ உதவி நாடுதல் கடன்.

முதல் உலகப் போரின்போது, 1915-ஆம் ஆண்டில், சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் போர்வீரரிடம் கண்ட இத்தகைய நிலையை 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனைப் பி.டி.எஸ்.டி. என்னும் பெயரால் தன் நோய்த் தொகுப்பிற் சேர்த்தது. எனவே இது கோழைமையும் அன்று, பேய்க்கோளும் அன்று. ஜூடித் ஹெர்மன் என்னும் அம்மையார் 1992-இல் வெளியிட்ட நூலில், இந்நோயினின்றும் மீளும் வழியை மூன்று படிகளாகக் காட்டினார். முதற்கண் பாதுகாப்பு; அடுத்து, நிகழ்ந்ததை நினைந்து துயரத்தை ஆற்றுதல்; இறுதியில் உலக வாழ்வோடு மீண்டும் இணைதல். 'நடந்ததைச் சொல்' என்று முதல் நாளிலேயே நோயாளரை வற்புறுத்துதல் தகாது என்பது இதனாற் பெறப்படும்.

இத்தகைய மருத்துவத்தை நம்மவர் நாடாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று தொலைவு, மற்றொன்று நாணம். நாம் அனைவரும் ஒருவர்க்கொருவர் உறவினர் என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் மனநல மருத்துவர் வாயிலில் ஒரு பெண் நின்றாள் என்ற செய்தி மாலைக்குள் பத்து வீடுகளுக்குச் சென்று, அவள் தங்கையின் திருமணப் பேச்சையும் நிறுத்திவிடுமாயின், அவ்வுறவே அவளுக்குச் சிறையன்றோ?

இவ்விரு தடைகளையும் இணையம் ஒருவாறு நீக்குகின்றது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் இந்திய அரசு 'டெலி மானஸ்' என்னும் சேவையைத் தொடங்கிற்று. 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரத்தும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலிற் கேட்பர். வேண்டுமிடத்து மனநல மருத்துவரிடம் சேர்ப்பர். வீடியோ கால் வாயிலாகத் திங்கள்தோறும் உரையாடும் மருத்துவரும் பலர் உளர். இங்கிலாந்தின் நைஸ் என்னும் அமைப்பு 2018-இல் வெளியிட்ட நெறிமுறை, நேரிற் காண்பதினும் இம்முறையையே விரும்புவோர்க்கு, மருத்துவர் துணையோடு கூடிய கணினிவழிச் சிகிச்சையைக் கருதலாம் என்கின்றது. ஆனால் தமக்கோ பிறர்க்கோ தீங்கிழைக்கும் நிலையில் உள்ளவர்க்கு அது பொருந்தாது என்றும் வரையறுக்கின்றது.

ஆதலின் எச்சரிக்கையும் வேண்டும். இந்நாளிற் கைப்பேசியைத் திறந்தால் ஆலோசகர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோர் பலர். 2020-ஆம் ஆண்டின் தொலைமருத்துவ நெறிமுறைப்படி, மருத்துவர் தம் பதிவெண்ணை நோயாளர்க்குத் தெரிவித்தல் வேண்டும். அதனைக் கேட்பது அவமதிப்பு அன்று. 'ஒரு வாரத்தில் குணம்' என்பாரை ஒதுக்குக. உயிர்க்கு இடர் நேருமெனத் தோன்றின் திரையை நம்பியிராது மருத்துவமனைக்கு விரைக.

மனநல மருத்துவம் பெறுவது உரிமை என்றும், நோயாளர் செய்தி மறைத்துக் காக்கத் தக்கது என்றும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. சட்டம் மருத்துவரின் வாயை அடக்கும். நம் வாயை அடக்குவார் யார்? நாமே அன்றோ!

முடிவாக, இப்பேரவைக்கு மூன்று விண்ணப்பங்கள். இவ்விதழின் ஒவ்வொரு வெளியீட்டிலும் 14416 என்னும் எண்ணை அச்சிடுக. நம் மாணவர் விடுதியில், பிறர் காதிற் படாது பேசுதற்கேற்ற கதவுடைய அறை ஒன்றை ஒதுக்குக. ஒரே அறையில் அறுவர் உறங்கும் பிள்ளைகள் எங்குச் சென்று மனந்திறப்பர்? மூன்றாவது, பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் 'மருத்துவம் பார்த்தாளாமே' என்று வினவும் வழக்கத்தை இன்றோடு விடுக. புண்ணை மறைத்தவளைக் காட்டிலும் ஆற்றிக்கொண்டவளே குடிக்கு விளக்காவாள். இதனைத் தாய்மார்கள் மனங்கொள்ளின் ஏனையவை தாமே நிகழும்.